பக்கத்தில் நிற்பவர்கள்

டப். டப். டபடபடப.

ஓடுகிறேன். லிங்கராஜபுரம். மாதா கோவில் வாசல். காலை பத்து மணி. பூ ஒட்டிய கார் ஒன்று நிற்கிறது. அதன் அடியில் புகுகிறேன். தொப்பை புகவில்லை. தலை உள்ளே. புதுக் கோட்டு வெளியே.

"படுங்க! எல்லாரும் கீழ படுங்க!"

யாரும் படுக்கவில்லை. பேண்டுக்காரர் மட்டும் மரியாதைக்கு வாசிப்பை நிறுத்தினார்.

கார் டிரைவர் எட்டிப் பார்த்து, என்ன ஆச்சென்று கன்னடத்தில் கேட்டார். "ஏனாயித்து சார்? பஞ்சரா?"

மாப்பிள்ளை வீட்டார் சரவெடி கொளுத்தியிருக்கிறார்கள். இன்று என் மகள் ஜெனிக்குக் கல்யாணம். அவளைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போக வேண்டியவன் நான்.

கார்த்தூம். 2023. நோன்பு மாதம். வெளிநாட்டில் ஏசி மெக்கானிக் வேலை. தெருவில் ராணுவச் சண்டை. ஒன்றாக வேலை பார்த்த மூன்று பேர் அறைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தோம். இந்தப் பக்கம் செல்வராஜ். அந்தப் பக்கம் பீட்டர். முதலில் விசில் மாதிரி ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை. நடுவில் இருந்த நான் மட்டும் எழுந்தேன்.

அன்று ஒரு நினைப்பு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. என் பக்கத்தில் இருப்பவர் பிழைக்க மாட்டார். வெடிச்சத்தம் ஒரு நிமிடத்தில் அடங்கும். இது அடங்காது. இதுதான் நெஞ்சைப் போட்டு அடிக்கிறது. தூக்கத்தைத் தின்கிறது. ஊர் திரும்பியும் ஹாலில் தனியாகப் படுக்கிறேன். ஜெனியை ஸ்கூட்டரில் ஏற்றுவதில்லை. சிவாஜிநகர் பஸ்ஸில் இரண்டு பக்கமும் ஆள் நசுக்குகிறது. ஒருவரும் சாகவில்லை. அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அவ்வளவு புத்திசாலி.

இன்றும் அதற்குத்தான் ஓடினேன். அவளை விட்டு விலக. ஒளிந்துகொண்டது கூடுதல் வசதி.

வெள்ளைச் சேலையோடு ஜெனி வருகிறாள்.

"கிட்ட வராத! ஓடு!"

"இந்தச் சேலைய கட்டிக்கிட்டு எங்கப்பா ஓடறது?"

ரோட்டிலேயே உட்கார்ந்தாள். என் பக்கத்தில். கையைப் பிடித்தாள். சரம் இன்னும் வெடிக்கிறது. விடவில்லை.

என் மனைவி ஸ்டெல்லா குனிந்தாள். "ஏங்க, வெடி நின்னு போச்சு. நீங்கதான் இன்னும் வெடிச்சிட்டிருக்கீங்க. ஃபாதர் காத்துட்டிருக்காரு, எந்திரிங்க."

நடந்தோம். பீடம் வரை ஜெனி என் பக்கத்திலேயே வந்தாள். அந்த நினைப்பும் கூடவே வந்தது, பத்திரிகை வைக்காமலே.

என் பக்கத்தில் இருந்து செத்தவர்களை எண்ணினேன். கார்த்தூமில் செல்வராஜ். பீட்டர். இரண்டு பேர். அப்புறம், மகள் பக்கத்தில் உட்காராமல் போன வருடங்கள்.

லிங்கராஜபுரத்தில் யாரும் இல்லை. பந்தியில் இன்னொரு முறை எண்ணினேன். யாரும் இல்லை.