பெரிய பொட்டு

ஐம்பது வயதுக்கு மேல் ஓவியனாகும் ஆசையில் வண்ணப்பெட்டியோடு அழகர்கோவில் போனேன். நான் வரைந்த மலை, படுத்த எருமையாக வந்தது. அதைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒருவர் மடியில் ஈரம் காயாத படம். பக்கத்தில் மனைவி.

"மேகம் கலையுறதுக்குள்ள அவசரமா அடிச்சேன். மலை எப்படி வந்திருக்கு?"

"பச்சை மலையைச் செங்கல் கலர்ல அடிச்சிருக்கீங்க."

"கலர் தெரியலடி. இருட்டும் வெளிச்சமும் பிரியுது, அம்புட்டுதான். அதுவும் ரொம்ப நாளைக்கு இருக்காதுன்னுட்டாரு டாக்டர்."

"அதுக்குள்ள என்னைய ஒண்ணு வரைஞ்சிருங்க."

"உன் முகத்துல எது எங்க இருக்குன்னே பிடிபடலையே."

"பொட்டைப் பெருசா, கறுப்பா வச்சுக்கிறேன். அதுல இருந்து ஆரம்பிங்க."

அவர் கை நீட்டி அவள் நெற்றி நடுவை விரலால் தொட்டுப் பார்த்தார்.

வீட்டில் இதைச் சொன்னேன். என் மனைவி என் மலையை விரித்துப் பார்த்தாள்.

"உங்களுக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு?"