ஒருவர் பார்க்கிறார்

இல்லம்மா, ஹால்ல மினுக்கிட்டிருக்கிறது ரூட்டர். நீங்க சரி பாக்க வந்த சர்வர் பெட்டி இங்க, துணி அலமாரிக்குள்ள. கீழ்த்தட்டு. ஆமாம், அந்தப் புடவைங்களுக்குப் பின்னாடிதான். சூடாகும், வெளியில வைங்கன்னு எங்க மாப்பிள்ளை சொன்னாரு. இது உறுமுறது தூக்கத்தைக் கெடுக்குதுன்னு என் வீட்டுக்காரி இங்க தள்ளிட்டா. புடவையை எடுக்க வேண்டாம்மா, கையை மட்டும் பக்கவாட்டுல விடுங்க. மடிப்பு கலையாம இருக்கட்டும்.

வீட்டுக்குள்ள எல்லாம் நல்லாத்தான் ஓடுது. டிவியைப் போடுறேன், நீங்களே பாருங்க. நாப்பத்தொரு வீடியோ கேசட்டு. மாப்பிள்ளை நாப்பதும்பாரு, எண்ணினா நாப்பத்தொண்ணு. அத்தனையும் மாத்தி இதுக்குள்ள ஏத்திக் குடுத்தது அவர்தான். மக சைக்கிள் கத்துக்கிட்டது, வீடு மாறினது, என் வீட்டுக்காரி காலையில சாமி அலமாரி முன்னாடி உக்காந்து பாடுறது. எல்லாம் நான் பிடிச்சது. என்னை எதுலயும் பாக்க முடியாது, கேமரா என் கையிலதானே இருந்துச்சு. குரல் மட்டும் கேக்கும்.

கோளாறு என்னன்னா, வெளியூர்ல இருந்து திறக்க முடியல. என் வீட்டுக்காரி அவ அக்கா வீட்டுல இருக்கா. அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன், ஒத்தாசைக்குப் போனா. தினம் நாலு மணிக்கு அங்கிருந்து இதுல ஏதாவது ஒண்ணைப் போட்டுப் பாப்பா. பதினோரு நாளாச்சு, வரல. இன்னியோட பன்னெண்டு.

எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பண்ணிப் பாத்துட்டேன்மா. ரூட்டரை ஏழு தடவை அணைச்சுப் போட்டேன். இன்டர்நெட்காரங்க வந்து லைன்ல குறையே இல்லைன்னாங்க, நான் விடாம நின்னதால வயரையும் மாத்திட்டுப் போனாங்க. எல்லாம் தேதி, மணியோட எழுதியிருக்கேன், இந்தாங்க டைரி. சிரிங்க, சிரிங்க. தராசும் எடைக்கல்லும் சோதிச்சு முத்திரை குத்துற ஆபீஸ்ல முப்பத்திரெண்டு வருஷம் இருந்தவன் நான். கடைக்காரங்க எனக்கு வெச்ச பேரே அரைக்கிராம். அரைக்கிராம் வர்றான்னு தெருமுனையில ஒருத்தன் சொன்னா, கடைசிக் கடை வரைக்கும் தராசைத் துடைச்சு வெச்சுடுவாங்க.

சரி, உங்க போன்லயே பாருங்க. வைஃபையை அணைச்சுட்டு டேட்டாவுலயா? நல்ல யோசனை, வெளி ஆள் மாதிரி வர்றீங்க. என் பேரும் பாஸ்வேர்டும் டைரியில முதல் பக்கம். என்னம்மா... வந்துடுச்சா? படமே ஓடுதா? அப்ப வாசல் திறந்துதான் இருக்கு. இத்தனை நாளும் திறந்தா இருந்துச்சு?

இல்லம்மா, அவ பாக்காம இருக்கலாம்னு மட்டும் சொல்லாதீங்க. இந்தப் பக்கத்தைப் பாருங்க. சர்வரோட கணக்குப் பக்கம். யாராவது பாத்தா இங்க வரும்: ஒருவர் பார்க்கிறார். பக்கத்துல எந்த கேசட்டு, எவ்வளவு தூரம் ஓடியிருக்குன்னு ஒரு கோடு நகரும். நாலு மணிக்கு நான் இந்த நாற்காலியைப் போட்டு உக்காந்துடுவேன். அவ எதைப் போடுறாளோ அதை நானும் இங்க டிவியில போட்டுக்குவேன், கூடவே. நடுவுல கோடு நின்னா அடுப்புல ஏதோ வெச்சிருக்கான்னு அர்த்தம். நானும் எழுந்து டீ போட்டுக்குவேன். அவ திரும்ப ஓட விட்டா நானும் வந்துடுவேன்.

பாட்டு கேசட்டுதான் அதிகம் பாப்பா. அதுல ஒரு இடத்துல நான் குறுக்க பேசுவேன், மூணாவது அடியை விட்டுட்டியேன்னு. அவ நிறுத்திட்டு என்னைப் பாத்து முறைப்பா, அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்துடும். அந்த இடம் வந்ததும் கோடு பின்னாடி போகும்மா. பத்து வினாடி பின்னாடி. மறுபடியும் அதே இடம், மறுபடியும் பின்னாடி. ஒரு நாள் நாலு தடவை. எதுக்குன்னு தெரியல. அவ முகத்தை அவளே பாக்கவா, இல்ல...

மாப்பிள்ளைகிட்ட கேட்டிருக்கலாம்தான். கேட்டா மககிட்ட சொல்லுவாரு. மக அவ அம்மாகிட்ட சொல்லுவா, நீ பாக்குறதை அப்பா தினம் உக்காந்து பாக்குறாருன்னு. அது தெரிஞ்சா அவ பாக்குறதையே விட்டுடுவா. அதான் உங்க கடையைத் தேடி வந்தேன்.

ஏதாவது அறிவிப்பு வந்துச்சாவா? வந்துச்சே. பதினோரு நாளைக்கு முன்னாடி, காலையில பதினொண்ணு பத்துக்கு. எழுதியிருக்கேன் பாருங்க. புதிய கருவி ஒன்று உங்கள் சர்வரில் நுழைகிறது, இது நீங்களா? கீழ ஆமாம், இல்லைன்னு ரெண்டு. எழுத்தும் எண்ணுமா ஏதோ ஒரு போன் பேர் போட்டிருந்துச்சு. நான் இல்லையேம்மா. நான் இங்க பயறு சுத்தம் பண்ணிட்டிருந்தேன். இல்லைன்னு அமுத்தினேன். அப்படின்னா இவரை நீக்கிவிடவான்னு கேட்டுச்சு. திருடன் எவனோன்னு நினைச்சு ஆமாம்னு குடுத்தேன்.

என்னம்மா கேக்குறீங்க? அவ போன் மாத்தினாளாவா?

அவ புதுசா போன் வாங்கியிருப்பாளா... இருக்கும். பழசுல கண்ணாடி கீறியிருந்துச்சு. ஆனா கேட்ட கேள்வி என்ன? இது நீங்களான்னு. உங்களைச் சேந்தவங்களான்னு கேட்டிருந்தா நான் யோசிச்சிருப்பேன்ல? கேள்விக்குச் சரியான பதிலைத்தான்மா சொன்னேன்.

காட்டுங்க. இதுதான் ஆளுங்க பட்டியலா? ஒரே ஒரு பேர். என் பேர்.

அவ பக்கத்துல என்ன தெரிஞ்சிருக்கும்? சொல்லுங்க, பரவாயில்ல. உரிமையாளர் உங்களை நீக்கிவிட்டார். உரிமையாளர்னு மட்டுமா? என் பேரோடவா... அட கடவுளே. அப்ப பன்னெண்டு நாளா அவ அதையில்ல படிச்சிட்டிருக்கா.

தண்ணி வேண்டாம்மா, நல்லாத்தான் இருக்கேன். நீங்க உக்காருங்க.

போன் பண்ணிச் சொல்லலாம். சொல்லலாம்... இப்ப அவ தூங்குற நேரம். மணி மூணே முக்காலா? சரி, தூங்குற நேரம் இல்ல. உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும், அக்கா முழங்கால் சரியாகி ஒரு வருஷம் ஆச்சு. மாடிப்படி ஏறி இறங்குறாங்களாம். இவ போயி பதினாலு மாசம். இது வரைக்கும் ஒரு பேச்சு கிடையாது. நான் பண்ணினா அக்கா எடுத்து, அவ குளிக்கிறான்னு சொல்வாங்க. எந்நேரமும் குளிக்கிறவ ஒருத்தி உலகத்துல உண்டாம்மா? அப்புறம் நானும் பண்ணுறதை விட்டுட்டேன். இந்தக் கோடு நகருதே, அது போதும்னு இருந்துட்டேன்.

புதுசா அழைப்பு அனுப்பினா அவளால வர முடியுமா? அவ ஒத்துக்கிட்டாத்தான். சரி, அதுதானே நியாயம். கீழ ஒரு கட்டம் இருக்கே, அது எதுக்கு? செய்தி எழுதவா. கட்டாயமா எழுதணுமா? விருப்பம் இருந்தாலா. எழுதுங்க. அறியாமல் அமுத்தியதால் நேர்ந்த பிழை, பொறுத்து மீண்டும் இணையவும். இல்ல, அழிச்சிடுங்க. ஆபீஸ் ஓலை மாதிரி இருக்கு. நான் அமுத்தினது தப்புன்னு சொன்னா, ஏன் அமுத்தினேன்னு விளக்கணும், விளக்கினா நான் சொன்னது சரின்னு போய் முடியும். எனக்கு என்னைத் தெரியும்.

அவ எதுக்குப் போனான்னு நீங்க கேக்கல. நீங்க மரியாதை தெரிஞ்சவங்க. இங்கதான், இந்த ஹால்ல, சொந்தக்காரங்க ஒம்பது பேர் சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. அவ தன்னோட அம்மா செத்துப்போன நாளைப் பத்திச் சொல்லிட்டிருந்தா. ஆஸ்பத்திரி ஜன்னல்ல மழை அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, அம்மா கை என் கைக்குள்ள சில்லுனு ஆயிடுச்சுன்னா. நான், அன்னிக்கு மழை இல்லையே, வெயில்னேன். அவ, இல்லைங்க, மழைன்னா. நான் விடணுமா இல்லையா? சாப்பாட்டுக் கையோட எழுந்து, கழுவிட்டு, அந்த வருஷத்து டைரியை எடுத்துட்டு வந்து ஒம்பது பேர் முன்னாடி படிச்சுக் காட்டினேன். வெயில், காற்று இல்லை. அவ எல்லாருக்கும் பரிமாறி முடிச்சா, பாத்திரம் கழுவினா, மூணாம் நாள் ஒரே ஒரு பையோட கிளம்பிட்டா.

அவ போன அப்புறம்தான்மா அந்தப் பக்கத்தை முழுசாப் படிச்சேன். வெயில்னு எழுதினதுக்கு மேல ஒரு வரி இருக்கு. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, சந்தைத் தெரு, எடைச் சோதனை. ஊருக்கு அந்தக் கோடி சந்தை, இந்தக் கோடி ஆஸ்பத்திரி. காலையிலயே ஆள் அனுப்பிக் கூப்பிட்டா. இன்னும் பதினேழு கடை பாக்கி இருக்கு, முடிச்சுட்டு வர்றேன்னு சொல்லி அனுப்பினேன். அவங்க அம்மா உயிர் போனது மூணு மணிக்கு. நான் போய்ச் சேந்தது ஆறரைக்கு. தரை ஈரமா இருந்துச்சான்னுகூட நான் குனிஞ்சு பாக்கல.

எழுதுங்கம்மா. அன்னிக்கு மழை பெஞ்சுது. நான் அங்க இல்ல.

அவ்வளவுதான். இல்ல, படிச்சுக் காட்ட வேண்டாம். அனுப்பிடுங்க.