இடது கையால் வெட்டிய குதிரை

எங்கள் ஷிரோகோ ஊரில் குளிர்காலக் காற்று நல்லது, ஐயா. தாள் ஒழுங்காகக் காயும். பனிச்சைக்காய்ச் சாறு பூசிய தாள்களைப் புகை அறையில் தொங்கவிட்டு, மரத்தூளைப் புகையவிடுவோம். கதவிடுக்கில் காகிதம் ஒட்டிவிட்டால் புகை அடங்கும்வரை திறக்கக் கூடாது. திறந்தால் தாள் பாழ். இந்த முறையை நான் உண்டாக்கவில்லை.

அந்தத் தாளில் உருவங்களைக் கத்தியால் வெட்டி, வெட்டின வழியே வண்ணம் தேய்த்துப் படம் அச்சிடுவது என் ஆசான் குராமோச்சியின் தொழில். எல்லாம் பழைய போர்க்கதைக் காட்சிகள். போன வருஷம் வாதம் வந்து அவருடைய வலது கை விழுந்துவிட்டது.

கடைசியாக எடுத்த காட்சி இது: தோற்ற தலைவன், தன் தலை எதிரியிடம் சிக்கக் கூடாதென்று, தன் வீரனிடமே வெட்டச் சொல்கிறான். பக்கத்தில் குதிரை நிற்கிறது. மனிதர்களை நான் வெட்டினேன். குதிரையை மட்டும் தனித் தாளில் அவர் பிடிவாதமாக இடது கையால் வெட்டினார்.

"சோஹெய், இனிமே நீதான்டா வாத்தியாரு. என் இடது கை இன்னும் பால்குடியே மறக்கல," என்று சிரிப்பார். சிங்கம் மாதிரி இருந்தவர். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

எங்களிடம் படம் வாங்கும் கியோட்டோ வியாபாரி வந்து தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்தக் குதிர மூச்சு விடுதுய்யா," என்றார். நான் வெட்டிய வீரனைப் பார்த்து, "சுத்தமா இருக்கு," என்றார்.

"கேட்டியாடா? நொண்டிக் கை ஒன்ன முந்திடுச்சு," என்று ஆசான் என் முதுகில் தட்டினார்.

எனக்குக் கோபமில்லை. கோணல் குதிரைக்காக ஊர் மெச்சுவது அவருடைய பழைய பேருக்கு இழுக்கு என்று வருத்தம்தான்.

மறுநாள் அவர் வலது காலை இழுத்துக்கொண்டு புகை அறைக்குள் தாள் பார்க்கப் போனார். நான் வாசலோரத்து மரத்தூளைப் பற்றவைத்து, கதவைச் சாத்தித் தாழிட்டு, இடுக்கில் காகிதம் ஒட்டினேன்.

"டேய், நான் உள்ள இருக்கேன்டா," என்றார், சிரித்தபடிதான். அப்புறம் தட்டினார். அப்புறம், "கதவத் தொறடா சோஹெய், குதிரைக்கு இன்னும் வால் வெட்டல," என்றார். அதற்குப் பிறகு வெறும் இருமல்தான்.

முறைப்படி, புகை அடங்கும்வரை நான் திறக்கவில்லை. கதையில் அந்த வீரன் செய்ததைத்தான் செய்தேன். தலைவனின் மானம் காத்தேன்.

படம் முடிந்துவிட்டது. குதிரையை நானே புதிதாக வெட்டிச் சேர்த்தேன். அவர் வெட்டியதை அடுப்பில் போட்டுவிட்டேன். ஏன் என்கிறீர்கள். அது நன்றாக இல்லை, ஐயா. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அந்த வியாபாரியை மட்டும் கேட்க வேண்டாம்.