ஏழுன்னு எழுதிக்கிட்ட டாக்டர்

நான் ஏழுன்னு சொன்னேன், அந்த மனுஷன் ஏழுன்னே எழுதிக்கிட்டாருங்க! கேட்டீங்களா அநியாயத்தை? இம்புட்டுப் படிச்சவரு, சுவர் பூரா பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டி வச்சிருக்காரு, ஒருத்தன் வாயில வர்ற முதல் நம்பரை அப்படியே நம்பிடுவாராம்! கொஞ்சம் நகருங்கண்ணே... வலது தோள் சுவத்துல பட்டா உயிர் போயிடும்.

உங்களுக்கு முட்டியா? பட்டையா ஒட்டியிருக்கே, எனக்கும் அதே கம்பிதான் வச்சாரு. பஸ் ஓட்டுறீங்களா? ம்ம், மிதிச்சு மிதிச்சே போயிருக்கும். எனக்கு பீரோ. பழைய பீரோ, கட்டில் வாங்கி விக்கிற கடை. மூணாவது மாடியிலேருந்து இரும்பு பீரோவை எறக்கறப்போ, கீழே பிடிச்சவன் விட்டுட்டான். மொத்த பீரோவும் என் தோள்ல. நாலு வருஷமாச்சு. ஆபரேஷன், ஊசி, மாத்திரை, ஒண்ணையும் விட்டு வைக்கல. சட்டைப் பித்தானை வீட்டுக்காரிதான் போட்டு விடணும். கடையில புலி, வீட்டுல மூணு வயசுப் புள்ள!

அப்புறம்தான் இந்த டாக்டர். முடி மாதிரி ஒரு கம்பியை ஊசி வழியா தோள் நரம்புக்குப் பக்கத்துல விட்டாரு. வெளியே தீப்பெட்டி அளவுல ஒரு பெட்டி. அது நரம்பை லேசாத் தட்டிக்கிட்டே இருக்குமாம், வலி சேதி மூளைக்கு ஒழுங்காப் போய்ச் சேராதாம். "ஒரு வாரம் பார்ப்போம், வலி பாதியாவது கொறஞ்சா நிரந்தரமா உள்ளேயே வச்சிடலாம்"னாரு. பத்துக்கு எவ்வளவு வலின்னு கேட்டாரு. ஒம்போதுன்னேன். அது சத்தியமான ஒம்போது.

கம்பி வச்ச மூணாம் நாள்... என்னத்தைச் சொல்ல! வலது பக்கமா ஒருக்களிச்சுத் தூங்கினேண்ணே. கண்ணாடி முன்னாடி நின்னு நானே தலை சீவினேன். சீவிட்டு, கலைச்சு விட்டு, மறுபடி சீவினேன். வீட்டுக்காரி பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு மூக்கை உறிஞ்சுறா. ரெண்டுண்ணே. வலி வெறும் ரெண்டு. சில நேரம் அதுவும் இல்ல.

அப்புறம் ஏன் ஏழுன்னு சொன்னேங்கிறீங்களா? நல்லாக் கேட்டீங்க, டிக்கெட் விலையில பேரமே இல்லாத பஸ்காரரு நீங்க! பொருள் புடிச்சிருக்குன்னு மூஞ்சியில காட்டினா விக்கிறவன் ஏத்துவானா, மாட்டானா? நிரந்தரக் கம்பிக்கு இன்னும் விலையே பேசல! தெருவில காலி பாட்டில் பொறுக்கின நாள்லேருந்து நான் படிச்ச ஒரே பாடம் அது. முத்தின தேக்குக் கட்டிலே கிடைச்சாலும் "பூச்சி அரிச்சிருக்கே"ன்னுதான் ஆரம்பிப்பேன். வாரக் கடைசியில டாக்டர் கேட்டப்போ அதே மூஞ்சியை வச்சுக்கிட்டு, "ஏதோ இருக்கு டாக்டர்... ஒரு ஏழு இருக்கும்"னேன். வீட்டுக்காரி வாயைத் திறந்தா. கால்ல மிதிச்சேன்.

தினம் மூணு வேளையும் வலி நம்பர் எழுதச் சொல்லி நர்ஸ் ஒரு தாள் குடுத்தாங்களே, அதையும் கடையில உக்காந்து ஒரே மூச்சுல எழுதினேன். ஏழு, ஏழு, ஏழு. நடுவுல ஒரு எட்டு, படிக்கிறவருக்கு நம்பிக்கை வரட்டும்னு.

இப்ப டாக்டர் என்ன செய்யணும்? "என்னங்க இது, நாலுன்னு வச்சுக்கலாமா"ன்னு கேக்கணும். நான் அஞ்சரைம்பேன். முடிஞ்சுது. மனுஷன் கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு, "உங்களுக்கு இதுல பலன் இல்ல, எடுத்துடலாம்"னாரு. ஆகா, கெட்டிக்காரரு, சரக்கை உள்ளே எடுத்து வைக்கிற மாதிரி பாவ்லா காட்டறாருன்னு நெனச்சேன்! நானும் எந்திரிச்சு வாசல் வரைக்கும் போனேன். அந்த நாலடி மெதுவா நடக்கணும், அதுதான் வித்தை. கூப்பிட்டாரு. கூப்பிடாம இருப்பாரா! எதுக்குக் கூப்பிட்டாரு? கம்பியை உருவ!

படுத்தேண்ணே. அப்பவும் கடைசி நிமிஷத்துல எறங்கி வருவாருன்னு பல்லைக் கடிச்சிட்டுக் கெடந்தேன். ரெண்டு நொடியில உருவிட்டாரு. பஞ்சை வச்சு ஒட்டிட்டு, "போயிட்டு வாங்க"ன்னுட்டாரு.

ரெண்டு நாள் கழிச்சு சீப்பை எடுக்கறேன், கை காது வரைக்கும்கூட ஏறல. வீட்டுக்காரிதான் மறுபடி சட்டை மாட்டி விட்டா. ஒவ்வொரு பித்தானைப் போடறப்பவும் ஒரு தடவை என் மூஞ்சியைப் பார்த்தா. அதுக்குத் திட்டியிருக்கலாம்.

இன்னிக்கு உள்ளதைச் சொல்லலாம்னு வந்தா, "பலன் இல்லைன்னு உங்க கையெழுத்துலயே இருக்கே"ங்கிறாரு. இப்ப வீட்டுக்காரியை மட்டும் உள்ளே கூப்பிட்டு விசாரிக்கிறாரு. என் வலிக்கு அவ நம்பர் சொல்றா! முப்பது வருஷ யாவாரிக்குக் கிடைச்ச மரியாதையைப் பாருங்க.

அந்தா, நர்ஸ் கதவைத் திறந்து அவளை வெளியே அனுப்பிட்டாங்க. உங்களைத்தான் கூப்பிடுறாங்க, போங்க. எவ்வளவுன்னு கேட்டா... அண்ணே, நில்லுங்க... இருக்கறதை இருக்கறபடியே சொல்லிடுங்க. என்னது, திரும்பிக்கூடப் பார்க்காமப் போறாரு!

கதவைச் சாத்தாதீங்கம்மா! டாக்டர், கேக்குதுல்ல? ஒம்போதுன்னது நிஜம். அவ என்ன சொன்னாளோ, அதுவும் நிஜம். ஏழுதான் பொய். விலையை நீங்களே போட்டுக்குங்க, நான் ஒரு வார்த்தை பேரம் பேசினா கேளுங்க. நீங்க உருவின கம்பியை நீங்களேதான் வைக்கணும். இன்னிக்கே வைக்கணும்! ...முடியாதா? சரி, நாளைக்கு. நாளைக்குக் காலையில வைங்க. அதுக்கு மேல ஒரு நாள்கூட எறங்க மாட்டேன், ஆமா!