விதைக்காத தக்காளி

மன்னார்குடியிலிருந்து கிளம்பிய டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், முன்பின் தெரியாதவர்கள். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

"எங்க ஊர்ல தக்காளி தானா முளைக்குதுங்க. பயமா இருக்கு."

"தக்காளி முளைச்சா என்னங்க பயம்?" என்றார் பக்கத்திலிருந்தவர், கூடையை மடியில் வைத்தபடி.

"டவுன் சாக்கடைக் கழிவை உரமாக்குற கிடங்கு எங்க தெருவுக்குப் பின்னாடிதான். குவிச்சு வச்ச உரத்து மேல பூரா தக்காளிச் செடி. யாரும் விதைக்கலை."

"ஜனங்க சாப்பிட்ட தக்காளியோட விதையா இருக்கும்."

"அதைத்தான் சொல்றேன். சூடேத்தி எல்லாக் கிருமியையும் கொன்னுடுறோம்னு கிராமசபையில சொன்னாங்க. வெந்த விதை முளைக்குமா? விதையே சாகலைன்னா மத்தது மட்டும் செத்திருக்குமா?"

மழை பிடித்துக்கொண்டது. ஷட்டரை இறக்கச் சொல்லிக் கண்டக்டர் கத்தினார். அந்த அம்மா இறக்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மழைக்கு அந்த உரத்து மேல விழுற தண்ணியெல்லாம் எங்கங்க போகும்?" என்றார் கூடைக்காரர்.

"கேட்டோம். உங்க பக்கம் நிக்காது, வாய்க்கால்ல வடிஞ்சு கீழ போயிடும், கவலைப்படாதீங்கன்னாங்க. உங்களுக்கு எந்த ஊருங்க?"



"அந்த வாய்க்கால் வந்து விழுற குளம் எங்களுதுங்க. அதைத்தான் குடிக்கிறோம்."