ஆயுத பூஜை அன்று எடுத்த பேக்கப்

ஆயுத பூஜை அன்று பொரிகடலை பங்கு போடுகிற வேலை எங்கள் கம்பெனியில் எனக்குத்தான் வரும். இராமதாஸ் கை போட்டால் யாருக்கும் கூடக் குறைய விழாது என்று ஒரு பெயர். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் மீனைப் பதப்படுத்தி அனுப்புகிற கம்பெனி அது. பதினோரு வருஷமாக அங்கே கம்ப்யூட்டர் பொறுப்பு என்னுடையது. நீங்கள் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா, எழுதித் தருகிறேன். யாரும் மிரட்டவில்லை, டீ கூட வாங்கிக் கொடுத்தார்கள்.

குளிர்கிடங்கு முழுவதையும் ஒரே கம்ப்யூட்டர் கவனித்துக்கொள்கிறது. குளிரூட்டுவதற்கு அம்மோனியா வாயு ஓடுகிறது. எங்காவது கசிந்தால் சுவரில் இருக்கிற சென்சார் கண்டுபிடிக்கும், கம்ப்யூட்டர் அலாரம் அடிக்கும். அந்தக் கம்ப்யூட்டரை நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது. ஆயுத பூஜை அன்று மட்டும் மெஷின்களை ஒரு மணி நேரம் கையால் ஓட்டிச் சமாளிப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் சிஸ்டம் டிரைவை அப்படியே நகலெடுப்பேன். கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் எழுப்புவதற்கு ஒரு பென் டிரைவும் தயார் செய்வேன். இரண்டையும் சாமி படத்துக்கு முன் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு, மறுநாள் பீரோவில் பூட்டுவேன்.

பதினோரு வருஷத்தில் ஒரு முறைகூட அதற்கு வேலை வரவில்லை. விருந்துக்குச் சமைத்து வைத்துவிட்டு, ஒருவரும் வராமல் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. இராமதாஸ் சாமிக்கு வருஷா வருஷம் பென் டிரைவ் படைக்கிறார் என்று கேன்டீனில் கேலி செய்வார்கள். கூடச் சேர்ந்து நானும் சிரிப்பேன். உள்ளே வலிக்கும்.

பக்கிரி கம்ப்ரஸர் ரூமில் உதவியாள். கொரோனா வந்து போனதிலிருந்து அவனுக்கு எந்த வாசனையும் தெரியாது, ஊசிப்போன சாம்பாரைக்கூடச் சாப்பிட்டுவிடுவான். பின்பக்க அறையில் சென்சார் இல்லாததால் அங்கே போகப் பயந்தான். மேனேஜர் நிர்மலாதேவி அம்மாவிடம் நடையாய் நடந்து, பொங்கலுக்குப் பிறகு ஒன்று வாங்க வைத்தான். இன்ஜினியர் செம்மல் அதைப் பொருத்தி, கம்ப்யூட்டரில் அலாரமும் வைத்தார். வைத்த கையோடு, இப்போதே புதிதாக ஒரு பேக்கப் எடுத்துவிடும்படி எல்லோர் முன்பும் என்னிடம் சொன்னார். ஆயுத பூஜைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றேன். நல்ல நாள் பார்த்தா கம்ப்யூட்டர் கெடும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் எடுக்கவில்லை.

மார்ச் மாதம் தன் தங்கை கல்யாணத்துக்காகச் செம்மல் காரைக்காலுக்குப் போனார். அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, கம்ப்யூட்டர் எழும்போது முதலில் தேடுகிற கோப்புகளை அழித்துவிட்டு அதை ஆஃப் செய்து மறுபடி போட்டேன். அது எழவில்லை. கிடங்கு நிறைய மீன் இருந்தது, எல்லாம் கெட்டுவிடும் என்று மேனேஜர் அம்மா பதறினார்கள். நான் பீரோவைத் திறந்தேன். பென் டிரைவைச் செருகி, பழைய நகலைத் திருப்பி ஏற்ற நாற்பது நிமிஷம் ஆயிற்று. அத்தனை பேரும் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். திரை வந்ததும் அந்த அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு பக்கிரி மட்டும் நின்றான்.

"அண்ணே, பின்னாடி ரூமு அலாரமும் வந்துடுச்சா? இல்லன்னா சொல்லிடுண்ணே, நான் உள்ள போவல."

வரவில்லை. நகல் ஆயுத பூஜை அன்று எடுத்தது, பொங்கலுக்குப் பிறகு வந்த சென்சாரை அதற்குத் தெரியாது. சுவரில் இருந்த சென்சாரில் மட்டும் பச்சை விளக்கு எப்போதும் போல எரிந்துகொண்டிருந்தது. இல்லை என்று சொன்னால் செம்மல் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும், அந்த நாற்பது நிமிஷமும் வீணாகிவிடும்.

"எல்லாம் அப்படியே இருக்குது, பக்கிரி. தைரியமா போ," என்றேன்.

செம்மல் திங்கட்கிழமை வந்ததும் சத்தமில்லாமல் சரி செய்யச் சொல்லலாம் என்று இருந்தேன். ஞாயிறு மத்தியானம் பின்பக்க அறையில் வால்வு கசிந்தது. வெளியே இருந்தவர்கள் வாசனை பிடித்து கேட்டுக்கு ஓடிவிட்டார்கள். கண் எரிந்த பிறகுதான் பக்கிரிக்குத் தெரிந்திருக்கும். கதவுக்கு நான்கடி தூரத்தில் கிடந்தான். ஆஸ்பத்திரியில் அவன் மனைவி செல்வாம்பாள், அலாரம் அடிக்கவே இல்லையா என்று என்னிடம் கேட்டாள். அடித்திருக்கும், அவன் காதில் விழுந்திருக்காது என்றேன்.

கம்ப்யூட்டரைக் கெடுத்தது நான். அலாரம் இல்லை என்று தெரிந்தே அவனை உள்ளே போகச் சொன்னதும் நான். கொலை என்று நீங்கள் எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். எஃப்.ஐ.ஆரில் அவனை ஏமாற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாளும் பக்கிரி பயமில்லாமல் வேலை பார்த்தான். அந்த நிம்மதியை அவனுக்குக் கொடுத்தது நான்தான்.