பழைய பதிப்புக்குத் திரும்புதல்

இயங்குதளத்தின் புதிய பதிப்பு வந்தவுடனே கம்ப்யூட்டரில் ஏற்றாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்வேன். இந்தக் கெலாங் பாத்தா ஊரில் ஹேமநாதன் கடை என்றால் தெரியாதவர்கள் குறைவு. அவசரப்பட்டு ஏற்றிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு வருகிறவர்களால்தான் என் பிழைப்பே ஓடுகிறது. நீங்கள் கேட்க வந்தது அதைப் பற்றி இல்லை, பிரையன், தெரியும். உங்கள் அக்கா டொரத்தியின் கம்ப்யூட்டருக்கு என்ன ஆனது என்று கேட்டீர்கள். உட்காருங்கள், சொல்கிறேன். பக்கத்துக் கடையில் குடிக்கத் தே ஓ சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மச்சான் கேப்ரியல் எனக்கும் வேண்டியவர்தான். விடிவதற்கு முன்பே மோட்டாரை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிவிடுவார். அங்கே போகும் இரண்டாவது பாலத்தில் வண்டிகள் நகராமல் நிற்கும்போது டொரத்திக்குக் குரல் பதிவு அனுப்புவார். மழை கொட்டுது, கோழிய ஊறப்போட மறந்துடாத, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா, இவ்வளவுதான். சில நாள் கோயில் பாட்டு ஏதாவது முணுமுணுப்பார். அதே சாலையில் லாரி மோதி அவர் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் அனுப்பியதையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரச் சொன்னார் டொரத்தி. மாற்றிக் கொடுத்தது நான்தான். கைப்பேசி அப்புறம் கெட்டுப்போனதால் மிஞ்சியது அந்த ஒரு பிரதிதான்.

தினமும் மாலையில் ஜெபமாலை முடிந்ததும் அதில் ஒன்றைப் போட்டுக் கேட்பார்கள். மகள் ஷர்மைனுக்கு அப்பாவின் முகம் நினைவில்லை, குரல்தான் தெரியும். பதிவு முடிந்ததும் அவளாகவே ஆமென் என்பாள். பிரிண்டர் மாட்டப் போன அன்று இதை நேரில் பார்த்தேன். எனக்கு மனசு தாங்கவில்லை. இறந்த மனுசன் வீட்டு நடுவில் உட்கார்ந்து கோழிக் குழம்பு கேட்டுக்கொண்டே இருந்தால், உயிரோடு இருப்பவர்கள் எப்போது எழுந்து நடமாடுவது?

"சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே" என்று தட்டு வைத்தார் டொரத்தி. கேப்ரியலின் நாற்காலியில் மட்டும் யாரையும் உட்கார விடுவதில்லை. நான் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அண்ணே என்பது நம் ஊரில் எல்லாரும் எல்லாரையும் கூப்பிடுவது, அதற்குப் பெரிதாக அர்த்தம் ஒன்றும் இல்லை.

அன்று கிளம்புவதற்கு முன் புதிய பதிப்பை ஏற்றச் சொல்லும் பொத்தானை அழுத்திவிட்டு வந்தேன். அந்த மாதிரிப் பழைய மெஷினில் அது ஒலியைக் கெடுத்துவிடும் என்று எனக்குத் தெரியும். அதே கோளாறோடு பலர் கடைக்கு வந்திருந்தார்கள். குரல் கரகரத்தால் டொரத்தி கேட்பதை மெல்ல விட்டுவிடுவார் என்று நினைத்தேன். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதில்லையா, அந்த மாதிரி.

அவர் விடவில்லை. பிள்ளையின் தள்ளுவண்டியில் மெஷினை வைத்துத் தள்ளிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, அவரு பேசுறது பேய் மாதிரி கேக்குது. ஷர்மைன் காதப் பொத்திக்கிட்டு ஓடுறா. ஸ்கிரீன் வேற நீலமாயி நின்னுடுது. பழையபடி ஆக்கிக் குடுங்கண்ணே, இந்தப் புதுசு எங்களுக்கு வேணாம் லா."

பழையபடி ஆக்குவது ஒரு வேலையே இல்லை. ஏற்றிய சில நாளுக்குள் என்றால் மெஷினே பழைய பதிப்புக்குத் திரும்பிவிடும், உள்ளே இருக்கும் கோப்புகள் அப்படியே இருக்கும். நான் அதைச் சொல்லவில்லை. முழுவதையும் துடைத்துவிட்டுத்தான் பழையதை ஏற்ற முடியும், முதலில் நகல் எடுத்துவிடுகிறேன் என்றேன். "நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்றார். அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

நகல் எடுத்தேன். எந்த வேலையையும் நான் அரைகுறையாகச் செய்வதில்லை. கடையைச் சாத்திவிட்டு எல்லாப் பதிவுகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒருவன் பெண்டாட்டியிடம் இவ்வளவு பேசுவானா என்று ஆச்சரியமாக இருந்தது. சில இடங்களில் சிரித்தேன். சில இடங்களில் கோபம் வந்தது, ஏன் என்று தெரியவில்லை. பிறகு ஹார்டிஸ்க்கைத் துடைத்து, எதையும் மீட்க முடியாதபடி அதன்மேல் வெறும் சுழியங்களாக எழுதி நிரப்பினேன். அதற்கப்புறம் பழைய பதிப்பை ஏற்றினேன். மெஷின் அருமையாக ஓடியது.

புதிய பதிப்பு எல்லாவற்றையும் தின்றுவிட்டது, நகலிலும் ஒன்றும் வரவில்லை என்று டொரத்தியிடம் சொன்னேன். அவர் அங்கேயே மெஷினைப் போடச் சொல்லி ஒவ்வொரு கோப்பாகத் தேடினார். ஷர்மைன்தான் "அப்பா எங்க?" என்று கேட்டு ஸ்பீக்கருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தேன்.

ஆகவே ஜொகூர் பாருவில் நீங்கள் மெஷினைக் கொண்டுபோய்க் காட்டிய ஆள், யாரோ வேண்டுமென்றே துடைத்திருக்கிறார்கள் என்று சொன்னது சரி. அது அப்கிரேட் செய்த வேலை இல்லை. நான் செய்தது. அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை, பிள்ளை பேசுவதையே நிறுத்திவிட்டாள் என்கிறீர்கள். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், பிரையன். மாலையில் நான் போய்ப் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். போன வாரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன், டொரத்தி ஒன்றும் சொல்லவில்லை.

நகல் எங்கே என்று கேட்கிறீர்கள். அதையும் அழித்துவிட்டேன், ஒரே ஒரு பதிவைத் தவிர. அது என் கைப்பேசியில் இருக்கிறது. பின்னால் ஹாரன் சத்தம் கேட்கும், கேப்ரியல் குரலை உயர்த்திப் பேசுவார். "கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுச்சுன்னா ஹேமா அண்ணங்கிட்டக் குடு, டொரத்தி. நல்ல மனுசன், நம்பலாம்."

டொரத்திக்கு மனசு கொஞ்சம் ஆறட்டும், நானே அதைப் போட்டுக் காட்டுவேன். கேப்ரியலுக்கும் இதில் சம்மதம்தான் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா.